பெயரைக் கொடுத்தது யார்? உள்நாட்டுப் போரை ஆராய்வது பற்றி ஓர் இழை

வாசகர் கேள்வி, 2 மார்ச்

உள்நாட்டுப் போர் ஏன் வருகிறது என்பது எல்லாருக்கும் தெரிந்ததுதான். இனம், மதம், கொள்கை, பழைய பகை. கையில் துப்பாக்கி கிடைத்ததும் அடித்துக்கொள்கிறார்கள். இதைக் கண்டுபிடிக்க ஒருவர் முப்பது வருடம் பேராசிரியராக உட்கார்ந்திருக்க வேண்டுமா? ஆக்ஸ்ஃபோர்டில் இருந்துகொண்டு கிராமத்துச் சாவைக் கணக்குப் பார்ப்பதில் யாருக்கு என்ன பயன்?

2 மார்ச், இரவு

பயன் இருக்கிறது. பொதுவாகப் பேசினால் கை நழுவிவிடும், அதனால் ஒரே ஒருவரை வைத்துச் சொல்கிறேன். ஸ்தாதிஸ் கலிவாஸ், அரசியல் ஆய்வாளர். 1964-இல் கிரேக்கத்தின் கோர்ஃபு தீவில் பிறந்தவர். சிகாகோவில் முனைவர் பட்டம், பிறகு யேலில் பல வருடம், 2018 முதல் நீங்கள் சொன்ன அதே ஆக்ஸ்ஃபோர்டு.

நீங்கள் கேட்டதை அவர் கேட்கவே இல்லை. போர் ஏன் வந்தது என்பதை ஓரமாக வைத்தார். போர் வந்துவிட்டது, சரி. ஒரு பள்ளத்தாக்கில் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஊர். ஒரே சனம், ஒரே பயிர், ஒரே தேவாலயம். ஒன்றில் குடும்பம் குடும்பமாகக் கொன்றார்கள், மற்றதில் ஒரு உயிர்கூடப் போகவில்லை. ஏன்? பழைய பகை, கொள்கை என்றெல்லாம் சொன்னால் இரண்டு ஊருக்கும்தான் அது பொருந்தும். அப்போது வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

அவர் சொன்ன பதிலை என் வார்த்தையில் சொல்கிறேன். ஆயுதத்தோடு வருகிறவன் வெளியூர்க்காரன். ஊரில் யார் எந்தப் பக்கம் என்று அவனுக்குத் தெரியாது. யாரோ ஒருவர் காதில் சொல்ல வேண்டும். சொல்கிறவர் உள்ளூர். அவருக்கு அரசியல் காரணம் இருக்கலாம்; காணித் தகராறும் இருக்கலாம், கல்யாணம் குழம்பிய கோபமும் இருக்கலாம். துப்பாக்கி வெளியே இருந்து வருகிறது, பெயர் உள்ளே இருந்து வருகிறது, இரண்டும் சேரும் இடத்தில் ஆள் சாகிறான். அதனால் இரண்டு தரப்பும் சமபலத்தில் நிற்கும் ஊர்களில்தான் கொலை உச்சத்துக்குப் போகும் என்கிறார்.

வாழ்நாளில் பாதியை இதற்காகக் கொடுத்தார். அதை வீண் என்று என்னால் சொல்ல முடியாது.

4 மார்ச்

மேலே கடைசியில் எழுதியது பிழை. இரண்டு நாளாக உறுத்திக்கொண்டே இருந்தது, நேற்று நூலை எடுத்துப் பார்த்தேன். அவர் சொல்வது நேர் எதிரானது. சமபலம் உள்ள ஊரில் கொலை குறைவு. யாரும் எதிர்பார்க்காத முடிவு இதுதான், இதையே நான் தலைகீழாக எழுதிவிட்டேன்.

அவர் ஊர்களை ஐந்து வலயமாகப் பிரிக்கிறார். ஒன்றாம் வலயம் முழுக்க அரசுத் தரப்பின் கையில். ஐந்தாம் வலயம் முழுக்கக் கிளர்ச்சிக்காரர் கையில். இரண்டில் அரசுக்குக் கை ஓங்கியிருக்கும், ஆனால் இரவில் மற்றவர்களும் வந்து போவார்கள். நான்கு அதன் மறுபக்கம். மூன்றில் இருவரும் சமம்.

ஒன்றிலும் ஐந்திலும் ஆளைத் தேடிக் கொல்லும் தேவை ஏறக்குறைய இல்லை. எதிர்ப்பக்கத்து ஆட்கள் ஓடியிருப்பார்கள், இருப்பவர்கள் வாய் திறக்க மாட்டார்கள். மூன்றில் கொல்ல எல்லாருக்கும் ஆசை இருக்கும், பெயர்தான் கிடைக்காது. இன்றைக்கு நீ என்னைக் காட்டிக் கொடுத்தால் நாளை இரவு என் அண்ணன் உன்னைக் காட்டிக் கொடுப்பான். அந்தப் பயம் எல்லார் வாயையும் கட்டிவிடும். இரண்டிலும் நான்கிலும்தான் ஆபத்து. அங்கே பெயரைக் கொடுப்பவருக்குப் பின்னால் பலமான தரப்பு நிற்கிறது, தனக்கு ஒன்றும் ஆகாது என்று நம்புகிறார். காட்டிக் கொடுக்க ஆளும் மிச்சம் இருக்கிறது.

இதை அவர் மேசையில் உட்கார்ந்து எழுதி முடித்துவிடவில்லை. தென் கிரேக்கத்தில் பெலொப்பொனீஸ் தீபகற்பம், அதன் வடகிழக்கில் ஆர்கோலிடா என்று ஒரு மாவட்டம். சமவெளியில் ஆரஞ்சுத் தோட்டம், மேலே மலை ஊர்கள். ஜெர்மானியர் பிடித்து வைத்திருந்த காலம், 1943-44. மலையில் இடதுசாரிகளின் எலாஸ் படை. நகரங்களில் ஜெர்மானியர், அவர்களோடு ஏதென்ஸ் பொம்மை அரசு 1943-இல் தொடங்கி, ஜெர்மானியர் ஆயுதம் கொடுத்த பாதுகாப்புப் பட்டாளங்கள். அந்த மாவட்டத்தில் 61 ஊர்களை ஒவ்வொன்றாக எடுத்து, எந்த மாதத்தில் எந்த ஊர் எந்த வலயத்தில் இருந்தது, யார் செத்தார், யார் கொன்றது என்று பதிந்தார். போருக்குப் பிறகு நடந்த வழக்குகளின் நீதிமன்றக் கட்டுகளைப் படித்தார். இருநூறுக்கு மேற்பட்ட வயசாளிகளோடு உட்கார்ந்து பேசினார். 2006-இல் நூல் வந்தது.

4 மார்ச், பின்னேரம்

"பாதி வாழ்நாள்" என்றதும் கொஞ்சம் மிகை. அவருடைய முதல் நூல் (1996) போரைப் பற்றியதே இல்லை. ஐரோப்பாவில் கிறிஸ்தவ ஜனநாயகக் கட்சிகள் எப்படி உருவாயின என்பது பற்றியது. திருச்சபை, வாக்கு, கட்சி என்று இருந்தவர் அதற்குப் பிறகு தன் நாட்டின் புதைகுழிப் பக்கம் திரும்பினார். திரும்பியவர் பத்து வருடம் வேறு நூல் வெளியிடவில்லை. இன்றைக்குப் பல்கலைக்கழகத்தில் ஒருவர் அப்படிப் பொறுத்திருப்பது எவ்வளவு கடினம் என்று அங்கே இருப்பவர்களுக்குத் தெரியும்.

5 மார்ச்

இந்த மனிதர் மேல் எனக்கு ஏன் இவ்வளவு பற்று என்று ஒருவர் கேட்டிருக்கிறார். சொல்லிவிடுகிறேன்.

நான் யாழ்ப்பாணம். எனக்கு எட்டு வயதில் எங்கள் ஊரில் ஒரு சுற்றிவளைப்பு. எந்தப் படை என்று எழுத விரும்பவில்லை, இந்தக் கதைக்கு அது தேவையும் இல்லை. விடியற்காலையில் ஒழுங்கை ஒழுங்கையாக (சந்து சந்தாக) வந்து ஆண்கள் எல்லாரையும் கோயில் வீதிக்குக் கொண்டுபோனார்கள். பெண்களும் பிள்ளைகளும் மடத்துத் திண்ணைப் பக்கம். ஆண்கள் ஒருவர் பின் ஒருவராக நடக்க வேண்டும். வேப்பமரத்தடியில் ஒரு கதிரை. அதில் தலையாட்டி.

எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்தச் சொல்லை விளக்க வேண்டாம். மற்றவர்களுக்காக: தலையில் சாக்குப் போட்டு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி உட்கார்த்தி வைத்த ஓர் ஆள். முன்னால் வருகிறவரைப் பார்த்துத் தலையாட்டினால் அவரைத் தனியாக இழுத்துக்கொள்வார்கள். ஆட்டாவிட்டால் வீட்டுக்குப் போகலாம். நான் பார்த்த சாக்கு மா மூட்டைச் சாக்கு. ஒரு கண் ஓட்டை பெரியது, மற்றது சின்னது. காலில் ரப்பர் செருப்பு, இடது வார் அறுந்து ஊக்குக் குத்தியிருந்தது. முகம் மூடியிருந்ததால் நான் காலையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் சித்தப்பாவுக்கு அந்தத் தலை ஆடியது. பதினொரு மாதம் கழித்துத்தான் வந்தார்.

எங்கள் வீட்டில் யாரும் அந்தத் தலையாட்டியைத் திட்டியதில்லை. "அவனைப் பிடிச்சு அடிச்சு இருத்தி வச்சவங்கள், பாவம்" என்பார் அம்மா. பெயர் அதற்கு முன்னாலேயே போய்விட்டது என்பதுதான் வீட்டின் நம்பிக்கை. கொடுத்தவர் பக்கத்து வளவுக்காரர். வேலிப் பிரச்சினை. சித்தப்பா கதியால் (வேலிக்கு நடும் கம்பு) போடும்போது ஒன்றரை அடி தள்ளிப் போட்டார் என்று அவர் ஊர் அலுவலரான விதானையாரிடம் முறையிட்டு, அது வழக்காகி, இரண்டு வீடும் முகம் பார்க்காமல் இருந்த காலம். பங்குக் கிணறு வேறு நடுவில்.

இப்போது சொல்லுங்கள். கிரேக்கத்து மலை ஊர் ஒன்றில், பக்கத்து வீட்டுக்காரனோடு வரப்புத் தகராறு இருந்தவன் அவன் பெயரைப் படையிடம் கொடுத்தான் என்று படிக்கும்போது எனக்கு எப்படி இருந்திருக்கும்? நூலை மூடி வைத்துவிட்டுச் சமையலறையில் போய் நின்றேன்.

6 மார்ச்

முகமூடி நம் ஊருக்கு மட்டும் உரியது என்று நினைத்திருந்தேன். இல்லை. 1944 ஆகஸ்ட் 17-ஆம் தேதி ஏதென்ஸ் ஓரம் பிரேயுஸ் துறைமுகத்துக்குப் பக்கத்தில் கொக்கினியா என்ற தொழிலாளர் குடியிருப்பை ஜெர்மானியரும் பாதுகாப்புப் பட்டாளமும் சுற்றி வளைத்தார்கள். ஆண்களைச் சதுக்கத்தில் உட்கார வைத்தார்கள். முகமூடி போட்ட ஆட்கள் நடந்து வந்து விரலால் காட்டினார்கள். காட்டப்பட்டவர்களைச் சுட்டார்கள். கிரேக்கர்கள் அந்த நாளை "பிளோக்கோ" என்கிறார்கள், சுற்றிவளைப்பு என்றே அர்த்தம். பிலிப்பீன்ஸில் ஜப்பானியர் காலத்திலும் பனையோலைப் பையைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு ஆள் காட்டியிருக்கிறார்கள். ஒருவரைப் பார்த்து ஒருவர் கற்றது இல்லை. தேவை ஒன்று, ஆகவே வழியும் ஒன்று: காட்டுகிறவன் நாளைக்கும் அதே ஊரில் வாழ வேண்டும்.

6 மார்ச், இரவு

இன்னொன்று. கோர்ஃபுவின் பழைய பெயர் கோர்க்கிரா. உள்நாட்டுப் போரைப் பற்றி நமக்குக் கிடைத்திருக்கும் மிகப் பழைய நேர்த்தியான விவரிப்பு அந்தத் தீவைப் பற்றியதுதான். கி.மு. 427, பண்டைய கிரேக்க வரலாற்றாளர் துசிடிடீஸ் எழுதியது. ஏதென்ஸின் அறுபது கப்பல் துறையில் நிற்க, ஏழு நாள் ஊர்க்காரர் ஊர்க்காரரைக் கொன்றார்கள். மக்களாட்சியைக் கவிழ்க்கப் பார்த்தார்கள் என்பதுதான் எல்லார் மேலும் சொன்ன குற்றம். ஆனால் சிலர் சொந்தப் பகையால் செத்தார்கள், சிலரை அவர்களிடம் கடன் வாங்கியவர்களே கொன்றார்கள் என்று துசிடிடீஸ் அதே இடத்தில் எழுதிவைத்திருக்கிறார்.

கடன் வாங்கியவன்! 2400 வருடம் ஆகிவிட்டது. வெளியே கப்பல், உள்ளே கடன் கணக்கு. அந்தத் தீவில் பிறந்த பையன் வளர்ந்து இதையே 61 ஊரில் எண்ணிப் பார்த்தார் என்பது எனக்கு மெய்சிலிர்க்கும் விஷயம்.

9 மார்ச்

"நீங்கள் சொல்வது செத்தவர்களின் ஊரையே குற்றவாளிக் கூண்டில் ஏற்றுகிறது. ஆயுதம் கொண்டுவந்தவன் தப்பித்துவிடுகிறான்" என்று ஒருவர் எழுதியிருக்கிறார். கோபமாக எழுதியிருக்கிறார், அந்தக் கோபம் நியாயம். கிரேக்கத்திலும் இதே சண்டை நடந்தது, இன்னும் ஓயவில்லை.

பின்னணி தெரியாமல் அந்தச் சண்டை புரியாது. ஜெர்மானியர் போன பிறகு, 1946 முதல் 1949 வரை நடந்த உள்நாட்டுப் போரில் தோற்றது இடதுசாரித் தரப்பு. அதற்குப் பிறகு பல பத்தாண்டு அவர்களுக்குச் சிறை, தீவுக்கு நாடு கடத்தல், வேலை மறுப்பு. அரசு ஏடுகளில் அந்தப் போரின் பெயரே "கொள்ளைக்காரர் போர்". 1989-இல்தான் சட்டம் போட்டு "உள்நாட்டுப் போர்" என்று மாற்றினார்கள். அதே வருடம், குடிமக்கள் மேல் போலீஸ் சேர்த்து வைத்திருந்த அரசியல் கோப்புகளை உலையில் போட்டு எரித்தார்கள். யார் யாரைக் காட்டிக் கொடுத்தார் என்பது அந்தத் தாள்களில் இருந்தது. வேண்டாம், எரிக்காதீர்கள் என்று வரலாற்றாளர்கள் கெஞ்சினார்கள். நல்லிணக்கம் என்று சொல்லி எரித்தார்கள். இதில் எந்தப் பக்கம் நிற்பது என்று எனக்கு ஒவ்வொரு வருடமும் மனசு மாறுகிறது.

இப்படி வதைபட்ட ஒரு தரப்பு கொஞ்சம் மூச்சு விட்ட காலத்தில், 2000-இல், ஆக்கிரமிப்புக் காலத்தில் இடதுசாரிகள் செய்த கொலைகளைப் பற்றிக் கலிவாஸ் கட்டுரை எழுதினார். 2004-இல் இன்னோர் ஆய்வாளர் நிக்கோஸ் மரான்ட்ஸிடிஸுடன் சேர்ந்து 'தா நேஆ' நாளிதழில், பழைய வீரக்கதையை விட்டு ஊர் ஊராகப் போய்ச் சான்று தேடுங்கள் என்று எழுதினார். பொறி பறந்தது. ஆக்கிரமித்தவனையும் எதிர்த்து நின்றவனையும் ஒரே தராசில் வைக்கிறார், வலதுசாரிகளுக்கு வேலை செய்கிறார் என்றார்கள்.

என் நிலை இதுதான். எண்ணுவது தப்பில்லை, எந்தப் பிணத்தையும் விட்டுவிட்டு எண்ணுவதுதான் தப்பு. ஆனால் எண்ணிக்கை ஒரு கேள்விக்கு மட்டுமே பதில் சொல்லும். துப்பாக்கியை ஊருக்குள் கொண்டுவந்தது யார் என்பது வேறு கேள்வி, அதற்குப் பதில் அந்த ஐந்து வலயத்தில் இல்லை. சித்தப்பா விஷயத்திலும் அப்படித்தான். வேலிச் சண்டை எங்கள் ஊரில் அதற்கு முன் நூறு வருடம் நடந்தது. அதற்காக ஒருவரும் பதினொரு மாதம் காணாமல் போனதில்லை.

10 மார்ச்

சின்னக் குறிப்பு. கேள்வி கேட்டவர் முதல் காரணமாக இனத்தைச் சொன்னாரே, அதையும் எண்ணிப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜேம்ஸ் ஃபியரன், டேவிட் லைட்டின் இருவரும் 1945 முதல் 1999 வரை, ஆயிரம் பேருக்கு மேல் செத்த 127 போர்களை எடுத்து 2003-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். பல இனம் வாழும் நாடு என்பதால் மட்டும் போர் வரும் வாய்ப்பு கூடவில்லை. வறுமை, பலவீனமான அரசு, மலைப் பிரதேசம் இவை கூட்டின என்றார்கள். மறுத்தவர்கள் ஏராளம். இனத்தை நாட்டின் சராசரியாக அளக்காதே, எந்தக் குழுவை ஆட்சியில் இருந்து தள்ளிவைத்தார்கள் என்று பார் என்பது மறுப்பு. எனக்கு அந்த மறுப்பு சரி என்று படுகிறது. மேலே இருந்து பார்க்கிறவர்கள் ஒரு பக்கம் சண்டை பிடிக்கட்டும், நான் ஒழுங்கைக்குள்ளேயே நிற்கிறேன்.

12 மார்ச்

சரி, "வியட்நாம் பற்றியும் எழுதினாராமே" என்று கேட்டவருக்கு. ஆம். அமெரிக்கர்கள் ஒவ்வொரு குடியிருப்பும் யார் கையில் இருக்கிறது என்று மாதா மாதம் மதிப்பெண் போட்டு வைத்திருந்தார்கள். கலிவாஸும் கூட்டாளிகளும் அதை எடுத்து, 1969-இல் குண்டு விழுந்த குடியிருப்புகள் பிறகு எந்தப் பக்கம் சாய்ந்தன என்று பார்த்தார்கள். குண்டு போட்டவனுக்கு எதிர்ப்பக்கமே சாய்ந்தன. ஆனால் செச்னியாவில் ஜேசன் லயல் என்ற இன்னோர் ஆய்வாளர் பார்த்தபோது, கண்மூடித்தனமாகப் பீரங்கி அடித்த ஊர்களில் இருந்து பிறகு தாக்குதல் குறைந்தது என்று வந்தது. அதைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. கொடுமை எப்போதும் தோற்கும் என்று நம்ப ஆசை. தரவு அந்த ஆசைக்குக் கட்டுப்படவில்லை.

12 மார்ச், பின்னேரம்

வயிறு கலங்கிப் போன நாளில் நான் எலிசபெத் உட்டிடம் போவேன். இயற்பியல் படித்துவிட்டு அரசியல் ஆய்வுக்கு வந்தவர், இவரும் யேல். எல் சால்வடோரில் போர் 1980 முதல் 1992 வரை. உசுலுத்தான் பகுதியில் நிலமில்லாத விவசாயிகளோடு பழகி, அவர்கள் உயிரைப் பணயம் வைத்துக் கிளர்ச்சிக்கு ஏன் உதவினார்கள் என்று கேட்டார். உதவாமல் இருந்தாலும் நிலம் கிடைத்திருக்கும், பிறகு ஏன்?

அவர்களிடம் பெரிய தாளும் பேனாவும் கொடுத்து வரைபடம் போடச் சொன்னார். ஒன்று போருக்கு முன்னால் நிலம் யாருடையது என்று, இன்னொன்று போரின் முடிவில் யாருடையது என்று. எழுதப் பழகாத கைகள். வேலை நாளை விட்டுவிட்டுக் கூடி உட்கார்ந்து, ஓடை எங்கே, பெரிய மரம் எங்கே, பண்ணைக்காரரின் எல்லை எங்கே என்று வாக்குவாதப்பட்டு வரைந்திருக்கிறார்கள். அந்தப் படங்கள் அவர் நூலில் இருக்கின்றன. இரண்டாவது படத்தில் எல்லைக்கோடு அவர்களுடைய கூட்டுறவின் பெயரைச் சுற்றி ஓடுகிறது. "இதைச் செய்தவர்கள் நாங்கள்" என்ற பெருமிதம்தான் அவர்களை நடக்க வைத்தது என்பது உட்டின் முடிவு. கலிவாஸின் ஊரில் ஆட்கள் பயத்தையும் பாதுகாப்பையும் எடைபோடுகிறார்கள், உட்டின் ஊரில் தலை நிமிர ஆசைப்படுகிறார்கள். இரண்டும் எங்கள் ஊரில் ஒரே வீட்டில் இருந்தன.

பின்னாளில் உட், போரில் பாலியல் வன்முறை சில படைகளிடம் ஏன் மிக அரிதாக இருக்கிறது என்று கேட்டார். அவர் எடுத்துக்கொண்டவற்றில் விடுதலைப் புலிகளும் ஒன்று. எல்லாப் படையும் செய்யும், போர் என்றால் அப்படித்தான் என்ற சாக்கு அதோடு அடிபட்டது. சில படைகளால் நிறுத்த முடிகிறது என்றால் நிறுத்தாதவர்கள் பொறுப்பாளிகள்.

15 மார்ச்

இதை எழுதலாமா வேண்டாமா என்று மூன்று நாள் யோசித்தேன்.

அகதி விசாரணைகளில் மொழிபெயர்ப்பது என் தொழில். எந்த நாடு, எந்த அலுவலகம் என்பது வேண்டாம். பல வருடம் முன்பு ஒரு விசாரணை. அதிகாரி கேட்டார்: "உங்களைக் காட்டிக் கொடுத்தது யார்?" அகதியாக வந்தவர் சொன்னார்: "தெரியாது." அதிகாரி வேறு வேறு மாதிரி ஐந்து தடவை கேட்டார். ஐந்து தடவையும் தெரியாது. "இவ்வளவு சின்ன ஊரில் உங்களுக்குத் தெரியாமல் இருக்குமா?" என்றார். நான் மொழிபெயர்த்தேன். அவர் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இடைவேளையில் தண்ணீர் எடுக்கப் போன இடத்தில் அவரும் வந்தார். நாங்கள் பேசக் கூடாது, விதி. அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார்: "தெரியும். ஆனா அவன்ரை அம்மா இன்னும் எங்கடை ஒழுங்கையிலைதான் இருக்கிறா."

திரும்பப் போய் உட்கார்ந்தோம். நான் ஒன்றும் சொல்லவில்லை, சொல்ல எனக்கு உரிமையும் இல்லை. அவர் பேச்சு நம்பத் தகுந்தது இல்லை என்று முடிவு வந்தது. மேல்முறையீட்டில் என்ன ஆயிற்று என்று எனக்குத் தெரிய வழியில்லை.

லீ ஆன் ஃபூஜீ என்று ஓர் ஆய்வாளர், ருவாண்டாவில் பக்கத்து வீட்டுக்காரர் பக்கத்து வீட்டுக்காரரைக் கொன்றதை ஆராய்ந்தவர். 2018-இல் இறந்துபோனார். 2010-இல் அவர் எழுதிய கட்டுரை ஒன்று என் கைப்பையில் பல மாதம் இருந்தது. வதந்தி, கட்டிச் சொல்வது, மறுப்பு, நழுவல், மௌனம் இவற்றைக் குப்பை என்று தள்ளாதே, அவையும் சான்றுதான் என்கிறார். அந்த ஆள் ஏன் பேசவில்லை என்று கேட்டால் அவர் வாழும் இடத்தின் நிலவரம் தெரியும். அந்த அதிகாரி அதை ஒரு தடவை படித்திருந்தால் என்று எத்தனையோ இரவு நினைத்திருக்கிறேன். கேள்வி கேட்டவரே, யாருக்குப் பயன் என்றீர்களே. மேசைக்கு அந்தப் பக்கம் கண்ணைத் தாழ்த்தி உட்கார்ந்திருந்த அந்த ஆளுக்கு.

16 மார்ச்

5-ஆம் தேதி எழுதியதைத் திரும்பப் படித்தேன். எனக்கு அது பிடிக்கவில்லை.

பக்கத்து வளவுக்காரர்தான் பெயரைக் கொடுத்தார் என்று எங்கள் வீட்டில் யாரும் கண்ணால் பார்க்கவில்லை, காதால் கேட்கவில்லை. வேலிச் சண்டை இருந்தது, பிறகு சித்தப்பா போனார், இரண்டையும் நாங்கள் முடிச்சுப் போட்டோம். முப்பது வருடம் அது வெறும் சந்தேகமாக இருந்தது. கலிவாஸைப் படித்த பிறகு எனக்குள் அது உறுதியாகிவிட்டது. "பார், ஆய்வே சொல்கிறது" என்று. ஆய்வு அப்படிச் சொல்லவே இல்லை. 61 ஊரைச் சேர்த்துப் பார்த்தால் ஒரு போக்கு தெரிகிறது, அவ்வளவுதான். எங்கள் ஒழுங்கையில் மூன்றாவது வீட்டுக்காரர் என்ன செய்தார் என்று கிரேக்கத்துக் கணக்கு எப்படிச் சொல்லும்? கணிப்பு பொய்த்த ஊர்களையும் அவர் மறைக்காமல் எடுத்துப் பேசுகிறார், அதை நான் வேகமாகப் புரட்டியிருக்கிறேன்.

இன்னும் ஒன்று உறைத்தது. இங்கே ஓர் ஆளை ஊரறியக் காட்டிக் கொடுத்திருக்கிறேன். பெயர் போடவில்லைதான். எங்கள் ஊர்க்காரர் யாராவது படித்தால் கதியால், பங்குக் கிணறு என்றதும் தெரிந்துகொள்வார்கள். அதை அழிக்கலாம் என்று பார்த்தேன். அழித்தால் பிழையை ஒப்புக்கொண்ட இந்தக் குறிப்புக்கு அர்த்தம் இருக்காது, அதனால் விட்டிருக்கிறேன்.

17 மார்ச்

இருவரும் சமபலத்தில் இருக்கும் மூன்றாம் வலயத்தில் யாரும் பெயர் கொடுப்பதில்லை, பயத்தால் என்கிறாரே கலிவாஸ், அதில்தான் எனக்கு அவரோடு மனத்தாங்கல். வெளியே இருந்து பார்த்தால் பயந்து வாயை மூடியவனும், பாவம் பிள்ளைகுட்டிக்காரன் என்று வாயை மூடியவனும் ஒரே மாதிரித்தான் தெரிவார்கள். இரண்டு பேரின் கணக்கிலும் பூச்சியம்தான் வரும். கொலை நடந்தால் நீதிமன்றக் கட்டு இருக்கும், நடக்காமல் போனதற்குக் கட்டு ஏது? அந்த வேப்பமரத்தடியில் சாக்குக்குள் இருந்தவன் இருநூறு பேரையாவது பார்த்திருப்பான். தலை ஆடியது ஒன்பது தடவை. மிச்சப் பேர் எல்லாரும் ஒன்றும் செய்யாதவர்களா? ஊரில் யாரைக் கேட்டாலும் சிரிப்பார்கள். அவனுக்குத் தெரிந்த எத்தனை பேர் முன்னால் அவன் தலையை அசைக்காமல் வைத்துக்கொண்டான், பின்னால் துப்பாக்கி நிற்கும்போது?

20 மார்ச்

அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். இவ்வளவு நாளும் கேட்காமல் இருந்ததே பெரிய தப்பு. எடுத்த எடுப்பில் கேட்க முடியாது, அதனால் இந்த ஆய்வாளரைப் பற்றிச் சொல்லி ஆரம்பித்தேன். "கலைவாசனோ? ஆர் அது, எங்கடை ஆளோ?" என்றார். இல்லை அம்மா, கிரேக்கர் என்றேன். "அங்கையும் வேலிச் சண்டையோ?" என்று கேட்டார். 2006 நூல் ஏறக்குறைய ஐநூறு பக்கத்தில் சொல்வதை அம்மா மூன்று சொல்லில் கேட்டுவிட்டார், எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பிறகு கேட்டேன். பக்கத்து வளவு ஐயாதான் என்று எப்படித் தெரியும்?

"எல்லாரும் சொன்னவை."

எல்லாரும் என்றால்?

கொஞ்ச நேரம் சத்தம் இல்லை. "உன்ரை அம்மம்மா சொன்னவ."

அந்தச் செருப்பைப் பற்றிக் கேட்டேன். ஊக்குக் குத்திய வார். எனக்கு மட்டும்தான் தெரியும் என்று நினைத்திருந்தேன். "செருப்பைப் பாத்து எல்லாருக்கும் ஆளைத் தெரியும். ஒருத்தரும் கதைக்கேல்லை. அவன்ரை தாய் எங்களோடைதான் திண்ணையிலை இருந்தவ" என்றார்.

21 மார்ச்

நேற்று பாதியில் நிறுத்திவிட்டேன், மீதி இது.

சித்தப்பா திரும்பி வந்த பிறகு என்ன செய்தார் என்று கேட்டேன். ஒரு கிழமை பாயிலேயே கிடந்தாராம். பிறகு ஒரு நாள் காலையில் கத்தியை எடுத்துக்கொண்டு வேலிப் பக்கம் போயிருக்கிறார். வீட்டில் எல்லாருக்கும் நெஞ்சு பதறிவிட்டது. அம்மம்மா பின்னாலேயே ஓடியிருக்கிறார். அவர் போய்க் கிடுகை வெட்டி, இரண்டு கதியாலைப் பிடுங்கி, ஓர் ஆள் குனிந்து போகிற மாதிரி ஒரு பொட்டு வைத்தாராம். அங்கே இருந்து நேரே பங்குக் கிணற்றுக்கு வரலாம். அதுவரை பக்கத்து வளவுக்காரர் ஒழுங்கையைச் சுற்றித்தான் தண்ணீருக்கு வந்துகொண்டிருந்தார்.

அந்தப் பொட்டு எனக்குத் தெரியும். நாங்கள் பிள்ளைகள் அதற்குள்ளால்தான் ஓடி விளையாடினோம். அது எப்போதும் அங்கே இருந்தது என்றே நினைத்திருந்தேன்.

சித்தப்பா ஏன் அப்படிச் செய்தார், ஏதாவது சொன்னாரா என்று கேட்டேன்.

"நாங்கள் கேக்கேல்லை" என்றார் அம்மா. "அவையளுக்குத் தண்ணி அள்ள வழி வேணுமெல்லோ."